‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ ஜெல்லி மிட்டாய்: ஒரே மதியத்தில் பதினான்கு

இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கப்படும் பழச்சுவை ஜெல்லி மிட்டாய் டப்பா ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏறக்குறைய இதே பொருள்களும் இதே வாசகமும் கொண்ட டப்பாக்கள் வெவ்வேறு பெயர்களில் வருகின்றன என்பதால், எந்த நிறுவனம் என்பதைவிட லேபிளில் எதைப் படிக்க வேண்டும் என்பதே வாங்குகிறவருக்கு உதவும்.

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று இருந்ததால்தான் இதை வாங்கினோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளில் உடலுக்குச் சேரும் ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே தனிச்சர்க்கரையிலிருந்து (சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் இதில் அடங்கும்) வர வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அமெரிக்க இதயச் சங்கமோ 2016-இல், இரண்டு வயது நிறையும்வரை சேர்க்கப்பட்ட சர்க்கரையே வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இதையெல்லாம் படித்துவிட்டு மிட்டாய்க்கு அழும் குழந்தையின் முகத்தைப் பார்க்கிற எவருக்கும் அந்த இரண்டு சொற்கள் ஒரு விடுதலையாகத் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்த நிம்மதியில், சாதாரண மிட்டாயாக இருந்திருந்தால் மேல் அலமாரிக்குப் போயிருக்க வேண்டிய டப்பாவைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டோம்.

எங்கள் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம், எடை 12 கிலோ. ஒரு மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீடு சந்தேகப்படும்படி அமைதியாக இருந்தது. போய்ப் பார்த்தால் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, இரண்டு கன்னமும் புடைக்க மென்றுகொண்டிருந்தாள். காலையில் பிரித்த டப்பா என்பதால் எஞ்சியவற்றை எண்ணிக் கழித்துப் பார்க்க முடிந்தது: பதினான்கு. ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்கு வயிறு உருட்டத் தொடங்கியது; அவள் சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பார்த்து, “தொப்பை கத்துது” என்றாள். அதன்பின் இரவுக்குள் நான்கு முறை தண்ணீராகப் பேதி. மூன்றாவது டயாபரில் சிவப்பாக ஏதோ தெரிந்ததும் ரத்தம் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. அது சிவப்பு மிட்டாயின் நிறம் என்று பிறகு தெரிந்தது.

நான் தொலைபேசியில் அழைத்த குழந்தை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, அது வெறும் மிட்டாயா, வைட்டமின் மிட்டாயா என்பதுதான். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் இரும்புச்சத்து கலந்ததைக் குழந்தை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால் அது நஞ்சாகக்கூடும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது வெறும் மிட்டாய் என்றதும், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள், அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறாளா என்று விசாரித்தார். எல்லாம் சரியாக இருந்ததால், பொட்டலமாக விற்கும் உப்பு-சர்க்கரைப் பொடியை (ஓ.ஆர்.எஸ்.) நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். பழச்சாறு கூடவே கூடாது, பேதியை நிறுத்தும் மாத்திரை எதையும் சொந்தமாகக் கொடுக்க வேண்டாம், வாந்தி தொடர்ந்தாலோ, மலத்தில் உண்மையாகவே ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ உடனே அழைத்து வாருங்கள் என்றார். இனிப்பால் வந்த பேதிக்குச் சர்க்கரைக் கரைசலா என்று எனக்கு அப்போது குழப்பமாக இருந்தது. குடலில் உப்பும் நீரும் உள்ளே இழுக்கப்படுவதற்குச் சிறிதளவு குளுக்கோஸ் துணை வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அந்த அளவு கணக்காக இருக்கிறது, பழச்சாற்றில் மிஞ்சிப்போகிறது. இரவு பத்து மணிக்கு அவள் தூங்கினாள். மறுநாள் எஞ்சியிருந்தது டயாபர் புண் மட்டும். அதற்கு மூன்று நாள் களிம்பு தடவினோம்.

அன்று இரவு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பொருள்களின் பட்டியலில் முதலில் இருப்பது மால்டிட்டால், இரண்டாவது ஆப்பிள் சாற்றுச் செறிவு, மூன்றாவது சார்பிட்டால். மால்டிட்டாலும் சார்பிட்டாலும் சர்க்கரை ஆல்கஹால் என்ற வகையைச் சேர்ந்தவை. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதை தருபவை அல்ல. பேரிக்காய், ஆப்பிள், உலர்ந்த பிளம் ஆகியவற்றில் சார்பிட்டால் இயற்கையாகவே இருக்கிறது, மலச்சிக்கலுக்கு அந்தப் பழங்கள் உதவுவதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றைச் சிறுகுடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. உறிஞ்சப்படாமல் தங்கியது குடலுக்குள் நீரை இழுத்துவைக்கிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. நீர் பேதியாகிறது, வாயு உருட்டலாகிறது. ‘தொப்பை கத்துது’ என்பது மருத்துவ ரீதியாகவும் சரியான விவரணைதான்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மிட்டாய் 2 கிராம். பதினான்கு என்றால் 28 கிராம். நூறு கிராமுக்கு 40 கிராம் சர்க்கரை ஆல்கஹால் என்று லேபிள் சொல்வதால், அவள் வயிற்றுக்குள் போனது சுமார் 11 கிராம். பெரியவர்களிலேயே பலருக்கு 10 கிராம் சார்பிட்டால் உப்புசத்தைத் தரும், 20 கிராமைத் தாண்டினால் வயிற்றுவலியும் பேதியும் வரக்கூடும் என்னும்போது, அறுபது கிலோ மனிதரின் ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள குழந்தைக்கு அந்த 11 கிராம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய இனிப்பூட்டிகள் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்பட்டால், அளவுக்கு மீறி உண்பது பேதியை உண்டாக்கலாம் என்று அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இந்த டப்பாவிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது: அடிப்பாகத்தில், தயாரிப்பு எண்ணுக்குக் கீழே, நான் செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்த அளவில்.

ஆப்பிள் சாற்றுச் செறிவு இன்னொரு சாமர்த்தியம். பழத்திலிருந்து நார் முழுவதும் போய், நீரும் வற்றி, எஞ்சுவது சர்க்கரைப் பாகுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி தேன், பாகு, பழச்சாறு, அதன் செறிவு ஆகிய அனைத்திலும் உள்ள சர்க்கரை தனிச்சர்க்கரையே. நூறு கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்று பின்பக்க அட்டவணை சொல்கிறது. பதினான்கு மிட்டாயில் எட்டு கிராமுக்கு மேல், அதாவது இரண்டு தேக்கரண்டி. முன்பக்கம் சொல்வதில் பொய் இல்லை, சர்க்கரையை யாரும் தனியாக அள்ளிப் போடவில்லை. ஆப்பிள் சாற்றில் குளுக்கோஸைவிடப் பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் அதிகம், அதை ஒரே நேரத்தில் நிறைய உறிஞ்சும் திறன் சின்னக் குடலுக்குக் குறைவு என்பதால் அதுவும் பேதியோடு சேர்ந்துகொண்டிருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், இனிப்பின் தலையில் கட்டப்படும் எல்லாப் பழியையும் இந்த டப்பாவின் மேல் போட முடியாது. அன்று மாலை அவள் சோபாவில் ஏறி ஏறிக் குதித்ததைப் பார்த்து, உள்ளே போன இனிப்புதான் குதிக்கிறது என்றோம். ஆனால் சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்றே 1995-இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு முடிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது: குழந்தைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று தாய்மார்களிடம் சொல்லிவிட்டு, சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்திருந்தார்கள், அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் அளவுக்கு மீறித் துள்ளுவதாகக் குறித்தார்கள். எங்கள் மகள் சோபாவில் எல்லா நாளும் குதிப்பவள் என்பது அப்புறம்தான் உறைத்தது. இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்பதும் சரியல்ல. மண், கழுவாத கை, நகக்கண் வழியாகப் புழுவின் முட்டையோ இளம்புழுவோ உள்ளே போனால்தான் பூச்சி வரும். ஒரு மதிய மிட்டாயால் நீரிழிவும் வராது. நலமுள்ள குழந்தையின் கணையம் அந்தச் சர்க்கரையைச் சமாளித்துவிடும். ஆனால் நாள்கணக்கில் அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடை குறைவும் தெரிந்தால், மிட்டாயைக் காரணம் சொல்லிக்கொண்டிராமல் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

பல் விஷயத்தில்தான் எனக்கு மன்னிக்க மனமில்லை. ‘பல்லுக்கு நல்லது’ என்று பக்கவாட்டில் ஒரு சிரிக்கும் பல்லின் படம். சர்க்கரை ஆல்கஹால்களை வாய்க் கிருமிகளால் எளிதில் அமிலமாக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பழச்சாற்றுச் செறிவை அவை தாராளமாக அமிலமாக்கும். போதாததற்கு, புளிப்புக்காக மேலே சிட்ரிக் அமிலப் பொடி தூவியிருக்கிறார்கள். வாயின் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்குகிறது, உமிழ்நீர் அதை மீட்க அரை மணி நேரம்போல் ஆகும். பால்பற்களின் எனாமலோ மெல்லியது. அதனால் மொத்தம் எத்தனை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் சொத்தைக்கு முக்கியம். இந்த மிட்டாய் பசை போல ஒட்டுகிறது. நான் ஒன்றைத் தின்றுவிட்டு இருபது நிமிடம் கழித்துக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்திலிருந்து ஒரு துணுக்கை நாக்கால் நெம்பி எடுத்தேன். சுவை, குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறது.

இரண்டு வயதுக் குழந்தைக்கு உருண்டையான, வழுக்கும், ரப்பர் போன்ற மிட்டாயை வடிவமைத்தவரை ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே இத்தகைய வடிவம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எங்களுக்கு வந்தது பேதியோடு போயிற்று. அது எங்கள் அதிர்ஷ்டம்.

நிறுவனத்துக்கு எழுதினேன். நான்கு நாளில் மரியாதையான பதில் வந்தது: பரிந்துரைக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு இரண்டு, அது பொட்டலத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது, பெரியவர்களின் மேற்பார்வையில் கொடுக்கவும். மறுக்க முடியாத பதில்தான். டப்பாவை மேசையில் விட்டது நாங்கள். ஆனால் இரண்டுக்கு மேல் தரக் கூடாத பொருளை பல வண்ணங்களில் கலந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாவில் போட்டு, யானைக்குட்டியின் தலை வடிவத்தில் ஒரு மூடி வைத்தால், அந்தத் தலையைத் திருகிப் பார்க்காத குழந்தை உண்டா? மருந்துப் புட்டியில் இருப்பது போல அழுத்தித் திருகும் மூடி வைத்திருந்தால் இந்த மதிப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது.

ஐந்துக்கு ஒன்றரை. சுவைக்கு ஒன்று, பதில் எழுதியதற்கு அரை. மிட்டாயைக் கொட்டிவிட்டு டப்பாவில் துணிக்குப் போடும் கிளிப்புகளை வைத்திருக்கிறோம். யானைத் தலையை அவள் இன்றைக்கும் பத்து நொடிக்குள் திறந்துவிடுகிறாள்.