கீமோவுக்கு எந்த வழி: கை நரம்பா, பிக் லைனா, போர்ட்டா?

மருந்து ஏற்றும் ரத்தக் குழாய்க்கு மருத்துவத் தமிழில் சிரை என்று பெயர். வார்டில் அது என்றைக்கும் நரம்புதான். "நரம்பே கிடைக்க மாட்டேங்குதும்மா" என்று செவிலியர் தணிந்த குரலில் சொன்னபோது, என் தங்கைக்கு இரண்டாவது சுற்று கீமோதான் நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஆறு சுற்றுகள் மீதமிருந்தன. இடது மார்பில் அறுவை செய்து அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்ததால், வீக்கம் வந்துவிடும் என்று இடக்கையில் ஊசி போட வேண்டாம் என்றிருந்தார்கள். எஞ்சிய வலக்கையில் நான்கு இடங்களில் குத்திய பிறகே வென்ஃப்ளான், அதாவது நரம்பில் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய், ஏறியது. போர்ட் என்ற சொல்லை நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அன்று மாலைதான். முதல் சுற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய சொல் அது.

ஒவ்வொரு முறையும் கையில் வென்ஃப்ளான் போட்டுக்கொள்வதே எளிய வழி. அறுவை இல்லை, செலவு சொற்பம், மருந்து முடிந்ததும் உருவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நரம்புகள் நன்றாகத் தெரிந்து, சுற்றுகளும் குறைவாக இருந்து, கொடுக்கப்படும் மருந்தும் தசையைப் புண்ணாக்காத வகை என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் எண்ணம். சிக்கல் மருந்தில்தான் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தோ, ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டினோ நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் திசு செத்துப் புண்ணாகும். சிலருக்குத் தோல் ஒட்டு அறுவை வரை போகும். கசியாவிட்டாலும், முன்கையின் சிறிய நரம்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் மருந்து அடர்த்தி குறையாமல் சுவரை அரிக்க, நாளடைவில் அந்த நரம்பு கறுத்துக் கயிறுபோல் இறுகிவிடுகிறது. பல இடங்களில் சிவப்பு மருந்தைக் கை வழியாகவே, செவிலியர் பக்கத்தில் நின்று கவனிக்க, பத்திரமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் மருந்து இறங்கும்போது சுரீரென்று எரிந்தால், பொறுத்துக்கொள்வோம் என்று இருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

மைய வழிகள் எனப்படும் மற்றவை யாவும் மருந்தை இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெருஞ்சிரையில் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே ஓடும் ரத்தத்தின் அளவில் மருந்து நொடியில் நீர்த்துவிடும். அவற்றுள் பிக் லைன் என்பது மேற்கையில் அல்ட்ராசவுண்டு பார்த்துச் செலுத்தும் நீண்ட மெல்லிய குழாய். இடத்தை மரக்கச் செய்தே போடுகிறார்கள். மயக்கம் தேவையில்லை, சில மாதங்கள் வரை இருக்கும். ஆனால் குழாயின் நுனி வெளியே தொங்குவதால் வாரம் ஒருமுறை கட்டு மாற்றி, சலைன் என்ற உப்புநீரைக் குழாயில் விட்டு அலச, அதாவது ஃப்ளஷ் செய்ய வேண்டும். நம் வெயிலில் வியர்வை ஊறிப் பிளாஸ்டர் ஓரம் பிரியும். வாளித் தண்ணீரில் மொண்டு குளிக்கும் வீட்டில் ஒரு கையை உறையிட்டுத் தூக்கிப் பிடித்தபடி குளிப்பது எத்தகைய வேலை என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை. மார்பிலிருந்து குழாய் வெளிவரும் ஹிக்மேன் லைனிலும் இதே தொல்லைதான்.

போர்ட் முழுவதும் தோலுக்கு அடியில் இருப்பது. காறையெலும்புக்குக் கீழே சிறு பை போல் திறந்து, சிலிகான் மூடியிட்ட ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, அதன் குழாயைப் பெருஞ்சிரைக்குள் விடுகிறார்கள். மருந்து ஏற்றும் நாளில் ஹியூபர் ஊசி என்ற தனி வகை ஊசியால் தோல் வழியே அந்த மூடியைக் குத்துவார்கள். மூடியைத் துளைத்தெடுக்காத அதன் முனையமைப்பால் ஒரே போர்ட்டை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தலாம். மற்ற நாட்களில் குளிக்கலாம், சமைக்கலாம், யாருக்கும் தெரியாது. வைக்கவும் எடுக்கவும் சிறு அறுவை தேவை என்பதும், செலவு கூடுதல் என்பதும் இதன் குறைகள். தங்கைக்கு வலப்பக்கம் வைத்தார்கள். உள்ளாடைப் பட்டியும் கைப்பையின் வாரும் எங்கே உரசும் என்று கேட்டு, அறுவைக்கு முன்பே பேனாவால் குறியிட்ட அந்த மருத்துவரின் பொறுமையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இம்மூன்று மைய வழிகளையும் ஒப்பிட்டு பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட காவா ஆய்வு, 2021ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. போர்ட்டையும் பிக் லைனையும் நேரடியாக ஒப்பிட்ட பிரிவில், தொற்று, ரத்த உறைவு, அடைப்பு போன்ற சிக்கல்கள் போர்ட் வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கும், பிக் லைன் வைத்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் வந்தன. மூன்றில் ஒருவருக்குப் போர்ட்டிலும் ஏதோ ஒன்று நேர்கிறது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். எதை வைத்திருந்தாலும், ஃப்ளஷ் செய்த பின் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, கையோ கழுத்தோ வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஆய்வின் எண்களை வைத்து, சிவப்பு மருந்து அடங்கிய நீண்ட சிகிச்சைக்கும், மார்பகப் புற்றுநோய்க்கு ஓராண்டு தொடரும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கும் நான் போர்ட்டையே சொல்வேன். குடல் புற்றுநோய்க்கு 5-எஃப்யூ மருந்தைச் சிறு பம்ப்பில் இணைத்து 46 மணி நேரம் வீட்டிலேயே இறங்க விடும்போது வென்ஃப்ளானுக்கு இடமே இல்லை. அங்கே போட்டி போர்ட்டுக்கும் பிக் லைனுக்கும் இடையேதான்.

ஊசி என்றாலே நடுங்குபவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பிக் லைனை ஒருமுறை போட்டுவிட்டால், மருந்து ஏற்றவும் பெரும்பாலும் ரத்தம் எடுக்கவும் தோலைக் குத்தவே வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காக அதன் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். போர்ட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு குத்து உண்டு, ஆனால் தேடிக் குத்துவது கிடையாது. லிடோகெய்னும் பிரைலோகெய்னும் கலந்த களிம்பை ஒரு மணி நேரம் முன்பே போர்ட்டின் மேட்டில் தடவி மூடிவைத்தால் வலி பெருமளவு மரத்துவிடும். இதே களிம்பைக் கையில் தடவினால் நரம்பு சுருங்கி, தேடுவது மேலும் கடினமாகலாம். வென்ஃப்ளான்தான் என்றால் வெந்நீர் ஒத்தடமும், முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிப்பதும் உதவும். ஊசியைக் கண்டதும் மயங்கி விழும் பழக்கமுள்ளவர்கள் படுத்துக்கொண்டு, தொடையையும் வயிற்றையும் ஊசி போடாத கையையும் பத்துப் பதினைந்து நொடி இறுக்கித் தளர்த்துவதைச் சில முறை செய்தால், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது.

ஃப்ளஷ் விடும்போது வாயில் ஏறும் உப்புச் சுவை தங்கைக்கு ஊசியைவிட வெறுப்பாக இருந்தது; அதற்காகவே பையில் புளிப்பு மிட்டாய் வைத்திருந்தாள். சிகிச்சை முடிந்த பிறகும் போர்ட்டை எடுக்கும் வரை சில வாரங்களுக்கு ஒருமுறை ஃப்ளஷ் செய்யப் போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு குத்துடன். ஊசிக்கு அஞ்சுபவர்கள் போர்ட்டுக்குச் சம்மதிக்கும் முன் அந்தக் குத்துகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.