'லண்டன் மால்' பிரேக் கிட், பர்லியார் இறக்கத்தில் காலை வாரியது

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) கிட்டை, அதாவது அதன் உள் ரப்பர்களை, போனில் சொல்லி வரவழைப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள ஒரு ஸ்பேர் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வண்டி எம்.ஜி. மிட்ஜெட். இங்கிலாந்தில் அபிங்டனில் செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளின் கடைசியில் வந்தது, 1275 சிசி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் லைன்தான். இப்போதைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். இதில் போனால் மொத்தமும் போச்சு. குன்னூரில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு வண்டி வைத்திருப்பது கிறுக்குத்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது பிரேக்கை மிதித்தபடி இருந்தால் பெடல் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. வெளியே எங்கும் கசிவு இல்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கிட் மாற்றினால் போதும், வீட்டிலேயே செய்துவிடலாம்.

கடைக்காரர் போனில் ரொம்ப நன்றாகப் பேசினார். "லண்டன் மால் சார், ஒரிஜினல். உங்க வண்டிக்குன்னே வந்த மாதிரி இருக்கு." மால் என்றால் சரக்கு. கிட் ஒன்று 4,800 ரூபாய். மறுபடி கிடைக்காதே என்று இரண்டாக வாங்கினேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி தனியா வரும் சார்" என்றார். நானும் கணக்குப் பார்த்து, சரி விடுங்கள் என்றேன். 9,600 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கூரியரில் இரண்டு மஞ்சள் டப்பாவும், 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டும் வந்தன. டப்பா பளபளவென்று இருந்தது. உள்ளே ரப்பர்கள் இருந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தார்கள். ரப்பரில் கம்பெனி முத்திரையோ எண்ணோ எதுவும் இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை போர்ட்டிகோவில் வேலையை முடித்தேன். சிலிண்டர் உட்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. புது டாட் 4 பிரேக் ஆயிலில்தான் எல்லாவற்றையும் கழுவினேன். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் கிட்டே சேர்க்கவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பியை உட்காரவைத்து "மிதி, பிடி, விடு" என்று இடது பின் சக்கரத்தில் தொடங்கி வலது முன் சக்கரம் வரை ஏர் எடுத்தோம், அதாவது பைப்பில் தங்கிய காற்றை வெளியேற்றினோம். பெடல் கல் மாதிரி நின்றது. "சூப்பர்ணா" என்றான்.

பத்து நாள் குன்னூர், வெலிங்டன் என்று பக்கத்திலேயே ஓட்டினேன். பெடலின் ப்ளே, அதாவது பிரேக் பிடிக்கும் முன் அது சும்மா இறங்கும் தூரம், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. தொட்டாலே பிடிக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அது நோயின் அறிகுறி என்று அப்போது தோன்றவில்லை.

பதினோராம் நாள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன். இரண்டாவது கியரில்தான். பர்லியாருக்குச் சற்று மேலே கருகல் வாடை வந்தது. முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மறுபடி மிதித்தேன், தரையில் போய் இடித்தது. ஹேண்ட் பிரேக் தனிக் கேபிள், ஆயிலை நம்பி இல்லை. அதை இழுத்து, முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கச் சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கச் சற்று நேரம் ஆனது. பழக்கடை அக்கா ஒருவர் ஓடிவந்து, "சக்கரத்துல புகை வருது பாருங்க" என்றார். முன் சக்கரத்தின் சூடு ஒரு சாண் தள்ளியே கையில் அடித்தது.

நாற்பது நிமிடம் கழித்து மிதித்தால் பெடல் திரும்பியிருந்தது. ஆயில் கொதித்து ஆவியாகியிருந்தது, ஆறியதும் சரியாகிவிட்டது. ஆனால் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டால், அந்த இறக்கத்திலும் வண்டி அசையவில்லை. சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பைப் நட்டை லேசாகத் தளர்த்தினேன். யாரும் பெடலை மிதிக்காமலேயே ஆயில் பீச்சியடித்தது. அதே நொடி வண்டி முனகிக்கொண்டு கல்லில் வந்து முட்டியது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி முனையளவு ஒரு துளை உண்டு. காலை எடுத்ததும் ஆயில் அந்த வழியாகத்தான் டேங்குக்குத் திரும்பும். ரப்பர் ஊதிப் பெருத்து அந்தத் துளையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அழுத்தம் திரும்பாததால், நான் மிதிக்காதபோதும் பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. புது டாட் 4 ஆயிலே 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அந்த டிஸ்க் என்ன சூட்டில் இருந்திருக்கும், பாருங்கள்.

வண்டியை ஏற்றி வீடு சேர்க்க 3,500 ரூபாய். கடைக்குப் போன் செய்தேன். "பெட்ரோல்ல கழுவியிருப்பீங்க சார். வீட்டுல பண்ற வேலைக்கெல்லாம் நாங்க கேரண்டி தர முடியாது." எனக்கு வாயடைத்துப் போனது. பெட்ரோலில் கழுவினாலும் ரப்பர் ஊதத்தான் செய்யும். நான் கழுவவில்லை என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி?

இரண்டாவது டப்பா சாட்சியானது. பிரிப்பதை வீடியோ எடுத்தேன். உள்ளே இருந்த ரப்பர் கப்பை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டேன். கழற்றிப்போட்ட பழைய தேய்ந்த கப்பை இன்னொரு பாட்டிலில் போட்டேன். இரண்டிலும் ஒரே டின்னைப் புதிதாக உடைத்து ஊற்றிய ஆயில்தான். மூன்று நாள் அடுப்படி அலமாரியில் இருந்தன. பழைய கப்பை வெர்னியர் அளவுகோலில் வைத்தால் முன்பிருந்த அதே அளவு. புதியது ஒன்றரை மில்லிமீட்டர் பெருத்து, விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. தொட்டால் விரலில் மை போலக் கறுப்பு ஒட்டியது. எஞ்சின் ஆயில் சீலுக்குப் போடுகிற நைட்ரைல் ரப்பர் கிளைகால் பிரேக் ஆயிலில் இப்படித்தான் ஊறும். பிரேக்குக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கறுப்பாகத்தான் இருக்கும்.

வீடியோவை அனுப்பினேன். "ஆயில் டூப்ளிகேட்டா இருக்கும் சார்" என்றார். அதே ஆயிலில் பழைய கப் ஏன் ஊதவில்லை என்று கேட்டேன். அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தபின், ஒரு கிட்டின் காசை மட்டும் தருவதாகக் கடையில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஊட்டியில் போடப் போகிறேன். ஜிஎஸ்டி மிச்சம் பிடிக்கப்போய், என் கையில் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அந்தத் துண்டுச் சீட்டும்தான்.

வண்டி தார்பாய்க்கு அடியில் நிற்கிறது. மஞ்சள் டப்பா, ஸ்டேப்ளர் அடித்த கவர், முத்திரை இல்லாத ரப்பர் என்று யாரிடமாவது இருந்தால் வண்டியில் மாட்டிவிடாதீர்கள். ஒரு கப்பை மூன்று நாள் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு அளந்து பாருங்கள். ஏற்கனவே மாட்டியாயிற்று என்றால், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மலை இறங்காதீர்கள்.