ஐந்து டேக், ஒரு மல்டிமீட்டர்

டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் போகும் மின்னலையாக மாற்றும் கருவிதான் டேக். இரண்டு டேக்குகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்டுவிட்டு, "இதில் பேஸ் இறுக்கமாக இருக்கிறது, அதில் பாடகரின் குரல் முன்னால் வந்து நிற்கிறது" என்று எழுதப்படும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை உண்மையில் ஒலியளவை ஒப்பிட்டவைதான். ஒன்று 1.94 வோல்ட் தருகிறது, மற்றது 2.12 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.77 டெசிபல். சத்தம் கூடிவிட்டது என்று காது சொல்லாது. ஆனால் கூடுதலாக வருவது தெளிவாகவும் உயிரோட்டமாகவும் இருப்பதாகத் தோன்ற அது போதும். அதனால் இந்த ஒப்பீட்டில் சிப்பின் பெயருக்குக் கொஞ்சம் இடம்தான். மீதி எல்லாம் வோல்ட், பின்பக்கத்து சாக்கெட், எர்த்.

எடுத்துக்கொண்டவை ஐந்து: ஆப்பிளின் யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர், டாப்பிங் டி10எஸ், டாப்பிங் இ30 டூ, டெனாஃப்ரிப்ஸ் ஏரிஸ் டூ, கோர்ட் க்யூடெஸ்ட். விரல் நீளம்கூட இல்லாத வயர்த்துண்டிலிருந்து மேசையில் தனி இடம் கேட்கும் பெட்டி வரை. எல்லாமே வீட்டு ஆம்ப், ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. ஹெட்போன் கணக்கு வேறு.

ஆப்பிள் அடாப்டரை ஹைஃபை ஆட்கள் கிண்டல் செய்வது வழக்கம். அதன் சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை வோல்ட்டில் இருக்கிறது. முழு ஒலியளவில் அது தருவது 1 வோல்ட். ஐரோப்பாவுக்கான பதிப்பு அதிலும் பாதி. சிடி பிளேயர்கள் தரும் 2 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அந்த 1 வோல்ட் 6 டெசிபல் குறைவு. ஆம்ப்பின் குமிழை அந்த அளவு திருப்பிவிட்டால் சரியாகிவிடும். திருப்பாமல் கேட்பவர்தான் "உப்புச் சப்பில்லை" என்பார். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செருகினால் இன்னும் கீழே போகும், ஏனென்றால் அடாப்டருக்குள் இருக்கும் ஒலியளவை அவை முழுதாக ஏற்றுவதில்லை. யுஎஸ்பியை நேரடியாகக் கையாளும் பிளேயர் செயலி ஒன்று வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. ஆப்டிகல் (ஒளி வழி), கோஆக்சியல் (கம்பி வழி) டிஜிட்டல் சாக்கெட் கிடையாது. ஆம்ப்புக்குப் போக 3.5 மில்லிமீட்டரிலிருந்து ஆர்சிஏவுக்கு (ஆம்ப்பின் பின்பக்கத்து வட்டச் சாக்கெட்) ஒரு கேபிள் தேவை. கணினியிலிருந்து மட்டும் பாட்டு கேட்பவருக்கு முதலில் வாங்கிப் பார்க்க வேண்டியது இதுதான்.

டி10எஸ்ஸில் இஎஸ்எஸ் 9038க்யூ2எம் சிப். மின்சாரமும் யுஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதன் சூட்சுமம் பின்பக்கத்தில் இருக்கிறது: உள்ளே வர யுஎஸ்பி மட்டும், வெளியே போக ஆர்சிஏவோடு ஆப்டிகலும் கோஆக்சியலும். அதாவது, யுஎஸ்பி சரியில்லாத பழைய டேக் ஒன்று வீட்டில் கிடந்தால், இதை நடுவில் வைத்து அதற்கு உயிர் கொடுக்கலாம். உள்ளே ஆப்-ஆம்ப் (வெளியீட்டு அலையைக் கையாளும் சிறு சிப்) சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதால் கழற்றி மாற்ற வேண்டும் என்று கை துறுதுறுக்கும். மாற்றுபவர்கள் சிப்பின் பள்ளம் எந்தப் பக்கம் என்பதை முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திருப்பிப் போட்டால் சிப் சூடேறிப் போய்விடும். வேகம் அதிகமான ஆப்-ஆம்ப்பைப் போட்டால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே அலைபாயும் ஆபத்தும் உண்டு. அதைத்தான் சிலர் "கூடுதல் காற்றோட்டம்" என்று ரசிக்கிறார்கள்.

இ30 டூவில் ஏகேஎம்மின் 4493எஸ் சிப் இரண்டு. யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் உள்ளே வரும், ரிமோட் உண்டு, ஒலியளவைத் தானே கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப் முறையும் உண்டு. சிப் வேறு, கம்பெனியின் பெருமைப் பேச்சு வேறு என்றாலும், அளவைச் சமன் செய்தபின் டி10எஸ்ஸிலிருந்து இதைக் காதால் பிரித்துச் சொல்வது கடினம். வாங்கக் காரணம் ரிமோட்டும் சாக்கெட்டும்தான்.

ஏரிஸ் டூ வேறு வழி. இதில் ஆயத்த சிப் கிடையாது. மின்தடைகளை ஏணிபோல அடுக்கிய ஆர்-2ஆர் அமைப்பு. ஏணி என்றால் கேட்க எளிமையாக இருக்கிறது. 16 பிட்டுக்கு அதன் உச்சிப்படி 65,536-இல் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது, அதாவது சுமார் 0.0015 விழுக்காடு. துல்லியமானது என்று விற்கப்படும் மின்தடையே 0.1 அல்லது 0.01 விழுக்காடுதான். அதனால் அளவீட்டில் இந்த வகை டேக்குகள், தம்மைவிடப் பலமடங்கு சிறிய டெல்டா-சிக்மா (மேலே சொன்ன ஆயத்த சிப் வகை) பெட்டிகளிடம் தோற்பது வழக்கம். தோற்கும் அளவு காதுக்கு எட்டுமா என்றால், ஸ்பீக்கரின் சொந்தத் திரிபுக்கு முன்னால் அது கொசு.

காதுக்கு எட்டுவது அதன் என்ஓஎஸ் (ஓவர்சாம்ப்ளிங் இல்லாத முறை) பொத்தான். ஓவர்சாம்ப்ளிங்கை, அதாவது பதிவான மாதிரிப் புள்ளிகளுக்கு நடுவே கணக்கிட்டுப் புதுப் புள்ளிகள் சேர்ப்பதை, அணைத்துவிட்டால் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டில் 10 கிலோஹெர்ட்ஸ் சுமார் 0.75 டெசிபலும், 20 கிலோஹெர்ட்ஸ் சுமார் 3.2 டெசிபலும் சரியும். மாதிரிகளைப் படிக்கட்டாக அப்படியே பிடித்து வைப்பதன் கணக்கு இது. எந்த என்ஓஎஸ் டேக்கும், தனியாக ஈடுசெய்யாவிட்டால், இதிலிருந்து தப்பாது. "அனலாக் இனிமை" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தச் சரிவு. பிடித்திருந்தால் கேளுங்கள், தப்பில்லை. ட்ரெபிள் குமிழை லேசாகக் குறைத்தாலும் கிட்டத்தட்ட அங்கேதான் போய்ச் சேருவீர்கள்.

க்யூடெஸ்ட்டில் மாற்றும் வேலையை ஒரு எஃப்பிஜிஏ (தயாரிப்பாளரே நிரல் எழுதிக்கொள்ளும் சிப்) செய்கிறது. ஃபில்டர் 49,152 டேப் (கணக்கின் படி) நீளம். எனக்குப் பிடித்த வசதி வேறு: வெளியீட்டை 1, 2, 3 வோல்ட் என்று தேர்ந்துகொள்ளலாம். சத்தம் சீக்கிரம் ஏறிவிடும் ஆம்ப்பில், குமிழை எட்டு மணி நிலையிலிருந்து ஒன்பதுக்கு நகர்த்தவே பயப்படுபவர்களுக்கு இது மருந்து. குமிழின் அடிப்பகுதியில் இடது வலது சமன் தவறுவது சாதாரணம். 1 வோல்ட்டுக்கு மாற்றினால் குமிழ் நடுவை நோக்கி நகரும், சமனும் மேம்படும். கோஆக்சியலுக்கு இரண்டு பிஎன்சி (திருகிப் பூட்டும் வகை) சாக்கெட் மட்டும் இருப்பதால் ஆர்சிஏ கேபிளுக்கு அடாப்டர் தேவைப்படும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் சாக்கெட்) இல்லை, ஒலியளவுக் கட்டுப்பாடும் இல்லை.

இனி, இவற்றை ஒப்பிடும் முறை. 200 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஆடாசிட்டியில் உருவாக்கி 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவான மல்டிமீட்டர்களின் ஏசி அளவீடு சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமானது. ஆம்ப்பைக் கழற்றிவிடுங்கள். முழு அளவு சைன் அலை ட்வீட்டருக்கோ அக்கம்பக்கத்துக்கோ நல்லதல்ல. மல்டிமீட்டர் முனையை ஆர்சிஏ சாக்கெட்டுக்குள் குத்தக் கூடாது. கை நழுவினால் நடுமுனையும் வெளிவளையமும் ஷார்ட் ஆகும். டேக்கில் ஒரு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் நடுவூசிக்கு ஒரு முதலைக் கிளிப், வளையத்துக்கு ஒன்று. ஏசி வோல்ட்டில் வைத்துப் படியுங்கள். அதிகம் தருவதன் அளவைப் பிளேயர் மென்பொருளில் குறையுங்கள், அல்லது அதன் கோப்பையே 0.1 டெசிபல் படிகளில் தாழ்த்திவிடுங்கள். இரண்டு வாசிப்புக்கும் உள்ள வித்தியாசம் 1 விழுக்காட்டுக்குள் வந்தால் 0.09 டெசிபலுக்குள் வந்துவிட்டீர்கள். இரு சேனல்களையும் தனித்தனியே பாருங்கள்.

16 பிட் பாட்டை 24 பிட் பாதையில் குறைக்கும்போது 48 டெசிபல் வரை ஒரு பிட்கூடத் தொலையாது. "டிஜிட்டல் வால்யூம் தரத்தைக் கெடுக்கும்" என்ற பழைய பயம் இங்கே பொருந்தாது.

பிறகு இரண்டையும் ஆம்ப்பின் இரண்டு லைன் இன்புட்டில் செருகி, வேறொருவரை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். 16 முறைக்கு 12 சரியாக வந்தால், வெறும் குத்துமதிப்பில் அப்படி நடக்கும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழ். ஒரு ஓட்டை உண்டு: க்யூடெஸ்ட் போல நீளமான ஃபில்டர் உள்ளது சற்றுப் பின்தங்கி ஓடும், மாற்றும் நொடியில் தாளம் இடறும். ஒலியைக் கேட்காமல் அந்த இடறலை வைத்தே பதில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே இரண்டு நொடி அமைதி விட்டால் இந்தக் குறுக்குவழி அடைபடும்.

சினாட் எண்கள் (இரைச்சலையும் திரிபையும்விட இசை எத்தனை டெசிபல் மேலே என்ற அளவு) பற்றி ஒரே வார்த்தை. அமைதியான அறையின் இரைச்சல் சுமார் 30 டெசிபல். சிடியின் 96 டெசிபல் வீச்சு முழுவதையும் அதற்கு மேலே கேட்க வேண்டுமென்றால் உச்சம் 126 டெசிபலில் வர வேண்டும். 115-க்கும் 121-க்கும் சண்டை போடுபவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உண்மையில் கேட்டுவிடக்கூடிய கோளாறு எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் கம்பிகள் வளையமாகி அதன் வழியே இரைச்சல் கலப்பது. மேசைக் கணினி, யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் டேக், மூன்று முள் பிளக் உள்ள ஆம்ப்: இந்த மூன்றும் சேர்ந்தால் மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் "கிர்ர்" என்று ஒரு புழு ஊரும். கேம் ஓடினால் சீழ்க்கை. அடியில் 50, 100 ஹெர்ட்ஸ் உறுமல். கணினிக்குப் பதில் லேப்டாப்பைச் செருகி, அதன் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி லூப்தான், டேக் இல்லை. பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுவது தீர்வல்ல, அது உயிருக்கு உலை. ஆப்டிகல் கேபிள் மின்தொடர்பையே அறுத்துவிடும், அதுதான் முதல் வைத்தியம். யுஎஸ்பிதான் வேண்டுமென்றால் ஐசோலேட்டர் (மின்தொடர்பை அறுத்துத் தகவலை மட்டும் கடத்துவது) உண்டு. ஆனால் ஏடியுஎம் 4160 சிப் போட்டவை 12 மெகாபிட் வேகத்தில் நிற்கும். இன்றைய டேக்குகள் கேட்கும் 480 மெகாபிட்டுக்கு அது எட்டாது. செருகியதும் சில டேக்குகள் அடையாளமே காட்டாது, சில 96 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். 480 மெகாபிட் என்று தெளிவாகப் போட்டிருக்கும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். ஆம்ப்பில் உண்மையான பேலன்ஸ்டு இன்புட் (ஒரே ஒலியை எதிரெதிராக இரு கம்பிகளில் வாங்கி, இரண்டுக்கும் பொதுவான இரைச்சலைக் கழிப்பது) இருந்தால் ஏரிஸ் டூவின் எக்ஸ்எல்ஆர் வெளியீடு இந்த உறுமலைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எக்ஸ்எல்ஆரில் வோல்ட் பொதுவாக இரட்டிப்பு, 4 வோல்ட் பக்கம் இருக்கும். ஆம்ப்பின் இன்புட் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

மென்பொருள் பக்கம் இரண்டு விஷயம். மேக்கில் ஆப்பிள் மியூசிக் பாட்டுக்குத் தகுந்தபடி சாம்பிள் ரேட்டை மாற்றாது; ஆடியோ மிடி செட்டப்பில் நாமே மாற்ற வேண்டும். விண்டோஸில் எக்ஸ்க்ளூசிவ் முறையை (பிளேயர் மட்டுமே டேக்கைப் பிடித்துக்கொள்வது) போட்டால், எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலக்கும் மிக்ஸர் ஒதுங்கும். அப்படிப் போட்டபின் பாட்டு மாறும்போது முதல் அரை நொடி விழுங்கப்பட்டால் டேக் பழுதில்லை, ரேட் மாறி மறுபடி பூட்டிக்கொள்ள அது எடுக்கும் நேரம். இன்னொன்று: உச்சத்தில் முட்டும்படி மாஸ்டர் செய்த பாடல்களில் இரு மாதிரிகளுக்கு இடையே அலை எல்லையைத் தாண்டும். பெரும்பாலான டேக்குகளில் அங்கே இடமில்லாமல் நறுக்கப்படும். பிளேயரில் 3 முதல் 4 டெசிபல் குறைத்து வையுங்கள், போதும்.

கணினி மட்டும் உள்ளவருக்கு முதலில் ஆப்பிள் அடாப்டர், அது போதவில்லை என்றால் டி10எஸ். ஆம்ப் குமிழோடு மல்லுக்கட்டுபவருக்கு க்யூடெஸ்ட். எக்ஸ்எல்ஆரும் என்ஓஎஸ் ருசியும் கேட்பவருக்கு ஏரிஸ் டூ. டிவியும் சேர்ந்தால் இ30 டூ. ஆனால் டிவியின் ஆப்டிகலைச் செருகி ஒன்றும் கேட்கவில்லை, அல்லது "கரகர" என்று மட்டும் வருகிறது என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். டிவி டால்பி பிட்ஸ்ட்ரீம் அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஸ்டீரியோ டேக்குக்கு அது புரியாது. ஆடியோ அமைப்பில் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றுங்கள். அதன்பின் பல டிவிகளில் டிவி ரிமோட்டின் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது. இ30 டூவை ப்ரீஆம்ப் முறையில் போட்டு அதன் ரிமோட்டைச் சோஃபா பக்கம் வையுங்கள். பவர் ஆம்ப்பை நேரடியாகச் செருகியிருந்தால், ஆன் செய்வதற்கு முன் டேக்கின் திரையில் ஒலியளவு எண் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.