ஸ்னோமொபைல் கிளட்ச் புல்லரும் ஸ்பீடோமீட்டர் கேபிளும்: வாங்கிப் பயன்படுத்தியபின் ஒரு மதிப்புரை

பழைய ஸ்னோமொபைலை (பனியின்மேல் ஓடும் மோட்டார் வண்டியை) வீட்டிலேயே பழுதுபார்ப்பவர்கள் தயங்கி நிற்கும் இடம் பெரும்பாலும் கிளட்ச்தான். பிளக் மாற்றுவதும், கார்புரேட்டரைக் கழுவுவதும், பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதும் சாதாரண ஸ்பேனர்களோடு முடிந்துவிடும். ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் புனலுக்குள் புனல் செருகியதுபோல் இறுகிக் கிடக்கும் பிரைமரி கிளட்ச்சை (பெல்ட்டால் இணைந்த இரு கிளட்ச்சுகளில் இன்ஜின் பக்கத்தில் இருப்பதை), அதற்கென்றே செய்யப்பட்ட புல்லர் என்ற கழற்றும் கருவி இல்லாமல் சேதமின்றி எடுக்க முடியாது. கனடாவின் வட ஒன்ராறியோவில் பனிக்காலத்தின் நடுவே இந்த வேலைக்காக வண்டியைப் பட்டறையில் விட்டால், நல்ல பனி விழும் வாரங்கள் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். ஆகவே 1990களில் வந்த, விசிறிக் காற்றில் குளிரும் இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றுக்காக ஒரு புல்லரையும், கிளட்ச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் கருவியையும், ஸ்பீடோமீட்டர் கேபிள் தொகுப்பையும் வாங்கினேன். மூன்றும் வண்டி நிறுவனத்தின் அசல் சரக்கு அல்ல; உதிரிபாகக் கடையில் கிடைக்கும் மாற்றுத் தயாரிப்புகள்.

கிளட்ச்சுக்கும் ஸ்பீடோமீட்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றில், டிராக்கை (வண்டியை உந்தும் அகலப் பட்டையை) சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் வலது முனை, செயின் கேஸ் என்ற சங்கிலிப் பெட்டிக்குள் இருக்கும். இடது முனையில்தான் ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுழற்றும் சாவி என்ற சிறு இணைப்புத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தை, பெல்ட்டின் மறுமுனையிலுள்ள செகண்டரி கிளட்ச் மறைத்துக்கொண்டு நிற்கும். சாவியைத் தொட வேண்டுமென்றால் பெல்ட்டையும் செகண்டரியையும் கழற்றியாக வேண்டும். இவ்வளவு தூரம் திறந்தபிறகு, பிரைமரியையும் இறக்கி அதன் எடைகளையும் புஷ்களையும் பார்த்துவிடுவதே முறையான வேலை. ஸ்பீடோமீட்டரின் முள் அசையாவிட்டால் என்ன, ஓட்டிக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் மன்றங்களின் கூட்டமைப்பு பராமரிக்கும் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். இருட்டிய பிறகு மரங்களுக்கிடையே போகும்போது 50க்கும் 75க்கும் உள்ள வேறுபாட்டை உடல் சரியாக உணர்வதில்லை. வேலை செய்யாத ஸ்பீடோமீட்டரோடு பாதையில் இறங்குவதை நான் ஏற்கவில்லை.

முதலில் புல்லரைப் பற்றிச் சொல்கிறேன். பார்வைக்கு இது ஒரு நீண்ட தடித்த போல்ட், அவ்வளவுதான். கிளட்ச்சைப் பிடித்திருக்கும் நடு போல்ட்டைக் கழற்றியபின், கிளட்ச்சின் துளையிலேயே உள்ள பெரிய மரையில் புல்லரைத் திருகி ஏற்ற வேண்டும். அதன் முனை கிராங்க் ஷாஃப்ட்டை முட்டித் தள்ள, கிளட்ச் வெளியே வரும். மரையின் அளவும் முனையின் நீளமும் கிளட்ச்சுக்குக் கிளட்ச் மாறும். போலாரிஸுக்கானது யமஹாவுக்குப் பொருந்தாது; ஒரே நிறுவனத்திலும் ஆண்டையும் இன்ஜினையும் பொறுத்து வேறுபடும். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று பல முனைகளோடு விற்கப்படும் தொகுப்புகளை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அவற்றின் மரை சற்றே தளர்வாக அமைந்தாலும், முழு அழுத்தமும் அலுமினிய மரையின் சில சுற்றுகளில் விழுந்து அதை உரித்துவிடும். கிளட்ச்சின் மரை போனால் கிளட்ச்சே போனது போலத்தான்.

நான் வாங்கிய புல்லர் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறியது. மரை கையாலேயே கடைசிவரை ஆட்டமில்லாமல் ஏறியது. எஃகு நன்றாகக் கடினப்படுத்தப்பட்டிருக்கிறது. வேலை முடிந்தபின் முனையை விரலால் தடவிப் பார்த்தபோது ஓரம் மழுங்கவோ காளானைப்போல் விரியவோ இல்லை. இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், மென்மையான எஃகில் செய்த புல்லரின் முனை விரிந்துவிட்டால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; பிறகு கழற்ற வேண்டியவை இரண்டாகிவிடும்.

கிளட்ச் எளிதில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல கோடைகளின் ஈரத்தை உள்ளே வாங்கிய கூம்பு அப்படித்தான் இருக்கும். நீளமான கைப்பிடியால் முடுக்கி, சற்று நேரம் அழுத்தத்தில் விட்டு, கிளட்ச்சின் நடுப்பகுதியை மட்டும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, மறுபடியும் முடுக்கியும் அசையவில்லை. அதன்பின் பழைய மெக்கானிக்குகள் செய்யும் முறையைக் கையாண்டேன்: புல்லரை வெளியே எடுத்து, துளையைக் கிரீஸால் நிரப்பி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, மீண்டும் ஏற்றி முடுக்குவது. அழுத்தப்பட்ட கிரீஸ் கூம்பின்மேல் எல்லாத் திசையிலும் தள்ள, துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தத்தோடு கிளட்ச் விடுபட்டது. மரை இவ்வளவு நெருக்கமாக இல்லாவிட்டால் இந்த முறை பலித்திருக்காது, கிரீஸ் வழியிலேயே பிதுங்கி வெளியேறியிருக்கும். புல்லரின் தலையில் பெரிய சுத்தியலால் ஓங்கி அடிப்பதையும், கிளட்ச்சின் தட்டுகளுக்கிடையே கம்பி கொடுத்து நெம்புவதையும் யாரும் செய்யவேண்டாம். முன்னது கிராங்க் பேரிங்குகளைத் தாக்கும், பின்னது பெல்ட் ஓடும் பரப்பை வளைத்துவிடும்.

பிடிகருவி பரவாயில்லை என்ற அளவில்தான் இருக்கிறது. பட்டை வழுக்கவில்லை, ஆனால் கைப்பிடி குட்டையானது. ஒருவர் தனியாக நின்று வேலை செய்வது கடினம்.

ஸ்பீடோமீட்டர் தொகுப்பு இரண்டு விதமான எண்ணத்தை எனக்குள் விட்டுச் சென்றது. அதில் உறையோடு கூடிய கேபிள், சதுர முனையுள்ள உள்கம்பி, சாவி ஆகியவை வருகின்றன. புதிய பாகங்களை மாட்டுமுன் குறை எங்கே என்று உறுதிசெய்வது அவசியம். மேல்முனையை மீட்டரிலிருந்து கழற்றி, தனியாக ஒரு உள்கம்பித் துண்டை மீட்டரில் செருகி, கையடக்க டிரில்லில் மெதுவாக, சரியான திசையில் சுழற்றினேன். முள் தயங்காமல் ஏறி, டிரில்லை நிறுத்தியதும் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதாவது உள்ளே சுழலும் காந்தமும், அதன் இழுப்பில் திரும்பும் அலுமினியக் கிண்ணமும், மயிரிழைச் சுருளும் நலமாகவே இருக்கின்றன. குறை கீழே இருந்தது: பழைய சாவியின் சதுரத் துளை தேய்ந்து வட்டமாகிவிட்டதால், உள்கம்பி அதற்குள் சும்மா வழுக்கிக்கொண்டிருந்தது.

தொகுப்பிலுள்ள கேபிள் மிக நன்று. அசலின் நீளத்தோடு ஒத்திருக்கிறது, ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி வளையும் இடத்தில் மடங்கவில்லை, குளிரிலும் உறை விறைக்கவில்லை. சாவிதான் ஏமாற்றம். அது பிளாஸ்டிக், வார்ப்பின் பிசிறு சதுரத் துளையின் ஓரத்திலேயே இருந்ததால், உள்கம்பி முழு ஆழத்துக்கு இறங்கவில்லை. சிறிய அரத்தால் பிசிறை எடுத்தபின்பே சரியாக உட்கார்ந்தது. தேய்வது எந்தப் பாகம் என்று தெரிந்தே விற்கும் ஒரு தொகுப்பில் அந்தப் பாகத்தை இப்படி அசிரத்தையாகச் செய்திருக்கக் கூடாது. உலோகச் சாவி தனியாகவும் கிடைக்கிறது. அதை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. கேபிளுக்குக் குளிரில் உறையாத மெல்லிய கிரீஸைக் கீழ்ப்பாதியில் மட்டும் பூச வேண்டும். மேல்வரை பூசினால் அது ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

திரும்பப் பூட்டும்போது செகண்டரியின் பின்னால் இருந்த வாஷர்கள் அதே வரிசையில் போக வேண்டும். இரு கிளட்ச்சுகளும் நேர்கோட்டில் நிற்பது அவற்றைப் பொறுத்ததே. பிரைமரியின் கூம்பில் ஒரு துளி கிரீஸும் இருக்கக் கூடாது. கரைப்பானால் இரு பக்கமும் துடைத்து, உலர்ந்த உலோகத்தின்மேல் உலர்ந்த உலோகமாகவே ஏற்ற வேண்டும். துளையை நிரப்பிய கிரீஸையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். நடு போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தியபின் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். பெல்ட் இல்லாமல் இன்ஜினை முடுக்குவதோ, பாதுகாப்பு மூடி இல்லாமல் ஓட்டுவதோ கூடாது.

பாதையில் இறக்கி, கைபேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டபோது, இறுகிய பனியில் முள் கிட்டத்தட்ட அதே வேகத்தைக் காட்டியது. புதுப்பனியில் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. அது மீட்டரின் குறை அல்ல, வழுக்கும் டிராக்கின் வேகத்தையே அது அளக்கிறது.

புல்லரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பட்டறையின் ஒரு மணி நேரக் கூலிக்கும் குறைவான விலையில் வாழ்நாள் முழுதும் உழைக்கும் கருவி இது. உங்கள் வண்டியின் ஆண்டையும் இன்ஜினையும் கடைக்காரரிடம் சொல்லி வாங்குங்கள். பிடிகருவியை நீளமான கைப்பிடியுள்ள வேறொன்றாகப் பார்த்து வாங்கலாம். கேபிள் தொகுப்பை உலோகச் சாவியையும் சேர்த்து வாங்குவதானால் மட்டுமே பரிந்துரைப்பேன். தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: புல்லரோடு வரும் தாளில் கழற்றும் முறை மட்டுமே அச்சாகியிருக்கிறது, கூம்பைத் துடைத்துத் திரும்பப் பூட்டும் முறையையும் அதில் சேர்க்க வேண்டும்.