"கறுப்புப் பட்டை வராது"ன்னு சொல்ற ஸ்டுடியோவை நம்பாதீங்க: 34,000 ரூபாய் போச்சு

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர்னு விசேஷத்துக்கு ஸ்டுடியோ பேசப் போற பொள்ளாச்சிக்காரங்க இதைப் படிச்சுட்டுப் போங்க. கடைப் பேரைப் போடலை. போட்டா கேஸ் போடுவேன்னு இப்பவே மிரட்டல் வந்தாச்சு. மெயின் ரோட்டு மேல கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பொண்ணு மாப்பிள்ளை படம், அந்த மாதிரி ஒரு கடை.

அப்பாவோட அறுபதாம் கல்யாணம். வீடியோ, ஆல்பம், ரீல்ஸ், கூடவே 1992ல நடந்த அவங்க கல்யாண கேசட்டை பென்டிரைவுக்கு மாத்தித் தர்றது, எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். அந்த கேசட்லதான் எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, நடமாடறாரு. போட்டோ இருக்கு, அவர் நடந்து வர்றது, சிரிக்கறது எல்லாம் அதுல மட்டும்தான்.

கடைக்காரர் உட்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்தாரு. "எங்க அம்மா வீடு உடுமலைங்க்கா, நாம எல்லாம் ஒண்ணுதானே"ன்னாரு. கேசட்டைக் கையில வாங்கி, துணியில தொடைச்சு, "இது காசு பணம் இல்லீங்க்கா, உசுரு"ன்னாரு. அங்கேதான் எங்க அம்மா முழுசா நம்பிட்டாங்க. அப்புறம் போன்ல சாம்பிள் காட்டினாரு. "மத்த கடையில போட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்க்கா. நாங்க ஹெச்டி ஆக்கி, பட்டையே இல்லாம ஃபுல் ஸ்கிரீன்ல தருவோம்." அந்த 34,000ல இதுக்கு மட்டும் 6,000. மொத்தக் காசில 20,000 அட்வான்ஸ். மீதி 14,000 விசேஷத்தன்னிக்கு சாயங்காலமே வாங்கிட்டாங்க.

அந்தப் பட்டை விஷயத்தைச் சொல்லிடறேன், ஏன்னா ஏமாத்தே அங்கேதான். பழைய கேசட்டுப் படம் 4:3, அதாவது அகலம் நாலு பங்குன்னா உயரம் மூணு பங்கு. இப்போ டிவி 16:9. 1920க்கு 1080 புள்ளி (பிக்சல்) இருக்கற திரையில அந்தப் படம் உருவம் கெடாம வந்தா அகலம் 1440க்குத்தான் வரும். ரெண்டு பக்கமும் 240 புள்ளி காலியா நிக்கும். அந்தக் காலிதான் கறுப்புப் பட்டை. அது குறையே இல்லை. அந்த இடத்துல படமே கிடையாது, எங்கிருந்து கொண்டு வருவாங்க? ஒண்ணு பக்கவாட்டுல இழுக்கணும், இல்லை மேலயும் கீழயும் வெட்டணும். பட்டைக்குப் பதிலா அதே படத்தை மங்கலாக்கி ரெண்டு பக்கமும் ரொப்பறதும் உண்டு, அதுல நடுப்படத்துக்கு ஒண்ணும் ஆகாது. இவங்க அதைக்கூடச் செய்யலை.

நேத்து பென்டிரைவ் வந்துச்சு. முதல் பாதி முழுக்க இழுத்திருக்காங்க. அகலம் மூணுல ஒரு பங்கு கூடிப்போய் எல்லார் முகமும் அமுக்கி வெச்ச மாதிரி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த அப்பிச்சி யாரோ குண்டு மனுஷன் ஆயிட்டாரு. ரெண்டாவது பாதி வெட்டு. உயரத்துல கால் பங்கு காலி. கல்யாணச் சீர் செய்யற அருமைக்காரர் தாலி எடுத்துக் கொடுக்கற இடத்துல பின்னாடி நிக்கற அப்பிச்சிக்குக் கழுத்துக்கு மேல படம் இல்லை. அம்மா எழுந்து உள்ளே போயிட்டாங்க.

ரீல்ஸ் அதைவிடக் கொடுமை. படுக்கைவாட்டுல எடுத்ததையே நடுவுல 9:16க்கு வெட்டியிருக்காங்க. 1920 அகலத்துல 608 புள்ளிகூட முழுசா மிஞ்சாது. அப்பா தாலி கட்டறாரு, அம்மா ஃபிரேம்ல இல்லை. நட்ட நடுவுல ஐயரோட தோள்பட்டை. குரூப் போட்டோவை 10க்கு 12 ஃபிரேம்ல அடைக்கறேன்னு ஓரத்துல நின்ன சித்தப்பாவைப் பாதியா அறுத்தது தனிக் கதை.

போன் பண்ணினா, "டிவி செட்டிங்கை மாத்திப் பாருங்க." மாத்தியாச்சுன்னா, "எடிட்டர் திருச்சூர் போயிருக்காரு." மறுபடி பண்ணினா, "பழைய கேசட்டு இப்படித்தான் வரும் மேடம்." அக்கா போய் மேடம் ஆயாச்சு! சரி, வெட்டாத ஒரிஜினல் ஃபைலையாவது கொடுங்கன்னா, "முகூர்த்த சீசன், ஹார்ட் டிஸ்க்கை அழிச்சுட்டோம்." கேசட்டைத் திருப்பி வாங்கினா உள்ளே டேப் கசங்கி மடிஞ்சு கிடக்கு. அதுக்கு, "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு." அப்புறம் வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் மட்டும். 34,000 ரூபாய் வாங்கினவங்க பேசற பேச்சா இது?

கோயமுத்தூர்ல எடிட்டிங் வேலை பார்க்கற மாமா பையன் உட்கார்ந்து, இழுத்த பாதியோட அகலத்தை 75 சதவீதமாக் குறைச்சான். அப்பிச்சி பழையபடி ஒல்லியாயிட்டாரு. இழுத்ததைத் திருப்பிடலாம். வெட்டினது வெட்டினதுதான்னு சொல்லிட்டான்.

உங்களுக்கு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ முடியலை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பழைய கேசட்டை 4:3 அளவுலயே, எதுவும் வெட்டாம முதல்ல ஒரு காப்பி வாங்குங்க, மத்த வேலை அப்புறம். ரீல்ஸ் வேணும்னா போனையோ கேமராவையோ நிமிர்த்திப் பிடிச்சுத் தனியா எடுக்கச் சொல்லுங்க. கேமராப் படத்தை வெட்டாம பிரிண்ட் போடணும்னா 8க்கு 12, 12க்கு 18 இஞ்ச் அளவுல கேளுங்க. ஃபைல் பார்க்காம மீதிப் பணம் தராதீங்க. பில் கேளுங்க, எங்ககிட்ட ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கு.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிச்சாச்சு. கடை கேரளாவுல இருந்தாலும் பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்கு போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. 34,000 ரூபாய்க்கும் கேசட்டுக்கும் சேர்த்து கோயமுத்தூர்ல போடப்போறேன். இதே கடையில மாட்டினவங்க இருந்தா இன்பாக்ஸ் வாங்க.