லண்டனில் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா? கூரையில் ஒட்டியிருக்கும் டப்பாவைக் கழற்றிப் பாருங்கள்

2,800 பவுண்டு. முதல் மாத வாடகை 1,300, டெபாசிட் 1,500. பதினொரு நாள் குடியிருந்ததற்கு நான் அழுத தொகை. நேற்று மாலைதான் வீட்டுக்காரர் கடைசியாகப் பேசினார்; இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "உயிராவது மிஞ்சியதே" என்று நானும் சும்மா இருந்துவிடுவேன்.

ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்குப் பின்னால், ஒரு தரைத்தள வீடு. வாடகை வீடுகளுக்கான விளம்பரத் தளம் ஒன்றில் பார்த்தேன். வீட்டுக்காரர் தமிழர். விழுந்தது அங்கேதான். என் மனைவியைத் "தங்கச்சி" என்றார், எந்த ஊர் என்று விசாரித்தார், கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்றார். படுக்கையறை அலமாரிக்குள், வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லர் இருந்தது. அலாரம் இருக்கிறதா என்று கேட்டேன். துடைப்பக் காம்பை எடுத்துக் கூரையில் இருந்த வெள்ளை டப்பாவைத் தட்டிக் காட்டினார். "புகைக்கும் இதுதான், கேஸுக்கும் இதுதான். போன மாதம் மாட்டினேன் தம்பி." பொத்தானை அழுத்திக் காட்டுங்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அண்ணன் முறையில் பேசுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன். கேஸ் சான்றிதழைக் கைபேசியில் காட்டினார், தலையாட்டினேன். அன்றிரவே பணத்தை அனுப்பினேன்.

நான்காம் நாளிலிருந்து மனைவிக்குக் காலையில் தலைவலி, குமட்டல். வேலைக்குப் போனால் சரியாகிவிடும், திரும்பி வந்தால் மறுபடியும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் நாள் சாப்பிட வந்த இல்ஃபோர்டு நண்பர் இதைக் கேட்டதும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய், அவர் வீட்டுக் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்தார். கேஸ் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது அலற ஆரம்பித்தது.

பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தெருவில் நின்று 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணை அழைத்தோம். வந்தவர் இணைப்பைத் துண்டித்து, பாய்லரில் எச்சரிக்கை அட்டை ஒட்டினார். புகைபோக்கிக் குழாய் சுவரில் நுழையும் இடத்தில் விலகியிருந்தது, சுற்றிலும் கறுப்பும் மஞ்சளுமாகக் கறை.

பிறகு அந்த வெள்ளை டப்பாவைக் கழற்றினேன். திருகு கிடையாது, ஒட்டும் நாடாதான். பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் பீட்சாக் கடை விளம்பரத் தாள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. கூரைக்கு அடித்த பெயின்ட் அதன் துளைகளை அடைத்திருந்தது. பின்பக்கத்தில், மாற்ற வேண்டிய ஆண்டு 2014. அது வெறும் புகை அலாரம். பாட்டரியே இருந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அதற்குத் தெரியாது.

வீட்டுக்காரரை அழைத்தேன். "கேஸ் என்றால் நாற்றம் வருமே, வந்ததா?" என்றார். குழாயில் வரும் கேஸுக்குத்தான் நாற்றம் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. மறுநாள், "ஜன்னலைத் திறந்து வைத்துப் படுங்கள், ஆள் அனுப்புகிறேன்." அதற்கு அடுத்த நாள், "அலாரம் வாங்கி வைப்பது குடியிருப்பவர் வேலை." நேற்று, "சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியது நீங்கள்தான், டெபாசிட் கிடையாது." தம்பி என்ற சொல் அதற்குள் காணாமல் போயிருந்தது. விளம்பரத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில், எழுத்துப் பிசகாமல்: விளம்பரம் வெளியிடுவதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது.

குடியிருப்பவர் வேலையாம்! இங்கிலாந்தில் 2015 முதல், ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வைக்க வேண்டியது வீட்டுக்காரர். 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போல எரிபொருளில் இயங்கும் நிலையான சாதனம் உள்ள, ஆட்கள் புழங்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டியதும் அவரே (கேஸ் அடுப்பு மட்டும் இதில் சேராது). குடியேறும் முதல் நாளே அவை வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க வேண்டியதும் அவர்தான். கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) நோட்டீஸ் கொடுத்தும் மாட்டவில்லை என்றால் 5,000 பவுண்டு வரை அபராதம். ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் சோதனை, அதன் சான்றிதழ் நாம் குடிபுகும் முன்பே நம் கையில். இத்தனையும் அந்த 2,800 பவுண்டை அனுப்பிய பிறகு படித்தேன்.

சான்றிதழில் இருந்த பொறியாளர் எண்ணை, கேஸ் வேலைக்கு அனுமதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை. டெபாசிட்டை 30 நாளுக்குள் மூன்று அரசு அங்கீகாரத் திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். நாள் இன்னும் இருக்கிறது என்றாலும் மூன்றிலும் தேடிவிட்டேன். எதிலும் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை. நாற்காலி போட்டு ஏறி அலாரத்தின் பொத்தானை நீங்களே அழுத்துங்கள், பின்பக்கத் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் எண்ணைப் பணம் அனுப்பும் முன் தேடுங்கள். வெளியே போனால் தலைவலி விடுகிறது என்றால் குளிர் என்று நினைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், உடனே வீட்டை விட்டு வெளியே வாருங்கள். சொந்தமாக ஓர் அலாரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் 2,800 பவுண்டுக்கு முன்னால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் விளம்பரம் மறுபடியும் தளத்தில் ஏறிவிட்டது, வாடகை இப்போது 1,350. படுக்கையறைப் படத்தில் அந்த வெள்ளை டப்பா நன்றாகவே தெரிகிறது. நான் கழற்றிய டப்பா என் மேசைமேல் கிடக்கிறது, ஆகவே படம் பழையது.