எஸ்2000: 2003-ஐ எடுப்பதா, 2004-ஐ எடுப்பதா?

போன மாதம் மைத்துனன் இரண்டு விளம்பரங்களை அனுப்பிவிட்டு ஒரே வரியில் கேட்டிருந்தான்: "மாமா, எதை எடுக்கலாம்?" இரண்டுமே ஹோண்டா எஸ்2000, கூரையைத் திறக்கிற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஒன்று 2003 மாடல், கறுப்பு, 78,000 மைல் ஓடியது. மற்றது 2004, சிவப்பு, 91,000 மைல். விலையில் பெரிய வித்தியாசமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் முன் பம்பரும் விளக்குகளும் கொஞ்சம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் 1999 முதல் 2009 வரை தயாரான இந்தக் காரில் மிகப் பெரிய மாற்றம் நடந்தது சரியாக இந்த இரண்டு மாடல்களுக்கு நடுவில்தான். அமெரிக்காவில் பழைய எஸ்2000 தேடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: ஏபி1 (2003 வரையிலானது) வாங்குவதா, ஏபி2 (2004 முதலானது) வாங்குவதா?

நான் ஒன்பது வருடமாக ஒரு 2003 வைத்திருக்கிறேன். அந்த எஞ்சின் மீது எனக்குள்ள பாசத்தை மறைக்கப் போவதில்லை. இருந்தும் அவனுக்கு 2004-ஐத்தான் சொன்னேன்.

எஞ்சினிலிருந்து தொடங்கலாம். காகிதத்தில் இரண்டுக்கும் 240 குதிரைத்திறன். 2003-இல் இருப்பது 1,997 சிசி எஃப்20சி எஞ்சின். டர்போ கிடையாது. லிட்டருக்கு 120 குதிரைத்திறன் என்ற கணக்கு அந்தக் காலத்தில் சாலைக் கார்களில் அரிதிலும் அரிது. அதை எட்ட ஒரே வழி வேகமாகச் சுழல்வதுதான். முழு சக்தி 8,300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில்) கிடைக்கும்; ரெட்லைன், அதாவது தாண்டக்கூடாத எல்லை, 9,000.

2004-க்கு அமெரிக்காவில் எஃப்22சி1 வந்தது, 2,157 சிசி. சிலிண்டரின் விட்டம் அதே 87 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரமான ஸ்ட்ரோக் மட்டும் 84-இலிருந்து 90.7 மில்லிமீட்டராக நீண்டது. இந்த 6.7 மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 9,000 ஆர்பிஎம்மில் பழைய எஞ்சினின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஸ்ட்ரோக்கை நீட்டிவிட்டு அதே 9,000-ஐ வைத்திருந்தால் 27 மீட்டரைத் தாண்டியிருக்கும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கவேண்டிய சுமை எங்கேயோ போயிருக்கும். அதனால் ரெட்லைனை 8,000-க்கு இறக்கினார்கள். முழு சக்தி இப்போது 7,800-இலேயே கிடைக்கிறது. டார்க் (சுழற்று விசை) 207 நியூட்டன் மீட்டரிலிருந்து 220-ஐ ஒட்டி உயர்ந்தது, அதன் உச்சமும் 7,500-இலிருந்து 6,500-க்கு இறங்கியது.

சாலையில் இதற்கு என்ன அர்த்தம்? வால்வ்களை அதிக வேகத்தில் இன்னும் அகலமாகத் திறக்கிற ஹோண்டாவின் வீடெக் அமைப்பு விழித்துக்கொள்வது 6,000 ஆர்பிஎம் பக்கத்தில். 2003-இல் இரண்டாம் கியரில் 6,000 என்றால் மணிக்கு 45 மைல். மூன்றாம் கியரில் 60-ஐத் தாண்டிவிடும். அதாவது வேலைக்குப் போய்வரும் வழியில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சாலையில், இந்த எஞ்சினின் பாதிக்கு மேல் விழிப்பதே இல்லை. 3,500-இல் மிதித்தால் சாதாரண இரண்டு லிட்டர் செடான் மாதிரித்தான் நகரும். 2004 அந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஆர்பிஎம் 3,000-க்கும் 6,000-க்கும் நடுவில், கியரைக் குறைக்காமலே முன்னால் போகிற லாரியைத் தாண்டலாம். தினமும் ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்தக் கடைசி ஆயிரம் ஆர்பிஎம் 2004-இல் இல்லை. 7,000-ஐத் தாண்டியதும் மற்ற கார்கள் மூச்சு வாங்கும். எஃப்20சி அங்கேதான் குரலை உயர்த்தும். டிஜிட்டல் டேக்கோமீட்டரின் பட்டை வலது ஓரத்தைத் தொடும்வரை அது தளர்வதில்லை. எண்களை வைத்து இதை நியாயப்படுத்த முடியாது. இதற்காகவே 2003 வாங்குகிறவரை நான் ஒருபோதும் தடுக்கமாட்டேன், அவர் பின்சக்கரங்களை எஞ்சின் இயக்கும் வண்டியை ஓட்டிப் பழகியவராக இருந்தால்.

என் மைத்துனன் பழகியவன் இல்லை. எஞ்சினைவிட எனக்குப் பின் சஸ்பென்ஷன்தான் பெரிதாகப் பட்டதற்குக் காரணம் அதுதான்.

2003 வரையிலான காரில் பின்பக்கம் அழுந்தும்போது பின்சக்கரங்களின் முன்முனை நன்றாகவே உள்நோக்கித் திரும்பும். அதை டோ-இன் என்பார்கள். வளைவில் பாரம் பின்னால் இருக்கிறவரை அது காரை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் ஓடும், பின்பக்கம் எழும்பும், அந்த டோ-இன் அந்த நொடியில் கரைந்துபோகும். பின்பக்கம் பக்கவாட்டில் கிளம்பிவிடும். பயந்தவன் இயல்பாகச் செய்கிற காரியம் எதுவோ, அதற்குத்தான் இந்தக் கார் தண்டனை தருகிறது. நான் வாங்கிய முதல் வருடம், மழை பெய்த ஒரு மாலையில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் இதைப் பார்த்தேன். பின் டயர்களை மாற்றாமல் தள்ளிப்போட்டது என் தப்பு. பாதி வளைவில் காலை எடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. கார் அரை வட்டம் சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் யாரும் வரவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

2004-இல் இந்த டோ மாற்றத்தை வெகுவாகக் குறைத்தார்கள். முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி, பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 16 அங்குலச் சக்கரம் 17 ஆனது. பின் டயர் 225-இலிருந்து 245 மில்லிமீட்டர் அகலமானது. பழைய காரின் துள்ளல் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, அது உண்மையும்தான். என்றாலும் முதல் மழையில் என் அக்கறைக்குரிய ஒருவன் எந்தக் காரில் இருக்கவேண்டும் என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டியதில்லை. கையில் இன்னும் பணம் இருந்தால் 2006-க்குப் போகலாம். அதிலிருந்துதான் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்ஏ வந்தது.

கியர்பாக்ஸ் இரண்டிலும் அருமை. 2004-இல் கியர் இதமாக விழ உதவும் கார்பன் சின்க்ரோ வந்தது, அது நல்ல மாற்றம். உட்புறத்தில் முழங்கைக்குக் கொஞ்சம் இடம் கூடியது. பின் கண்ணாடி இரண்டிலும் நிஜக் கண்ணாடிதான்; பிளாஸ்டிக் ஜன்னல் 2001-உடன் போய்விட்டது.

லண்டனிலோ பாரிஸிலோ இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கணக்கு அமெரிக்க, கனடிய வண்டிகளுக்குத்தான். ஐரோப்பாவில் கடைசிவரை இரண்டு லிட்டர் எஞ்சின்தான்; ஜப்பானில் 2.2 வந்ததே 2005 நவம்பரில். 2004-க்குப் பிந்தைய ஐரோப்பிய வண்டியில் 9,000 ஆர்பிஎம்மும் திருத்திய சஸ்பென்ஷனும் சேர்ந்தே கிடைக்கும். எனக்கு வாய்ப்பிருந்தால் நான் வாங்குவது அதைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இருபது வருடம் தாண்டிய காரில் மாடல் வருடத்தைவிட முந்தைய ஓனர் யார் என்பது முக்கியம். அதனால் ஒரு சனிக்கிழமை இரண்டையும் நேரில் பார்த்தோம். காலையில் நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொடவேண்டாம் என்று இருவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

கறுப்பு 2003 பளபளவென்று இருந்தது. பானட்டைத் திறந்து ஸ்டிக்கர்களைத் தேடினேன். எஸ்2000-இன் பானட், மட்கார்டு, கதவு, டிக்கி, பம்பர் என ஒவ்வொன்றிலும் சேசிஸ் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும்; இல்லையென்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கலாம். வலது மட்கார்டில் அது இல்லை. முன் பம்பரிலும் இல்லை. விற்பவர் "சின்ன உரசல்" என்றார். பின் டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் 3114: 2014-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். ரப்பர் தடிமனாக இருந்தது, ஆனால் கல் மாதிரி இறுகியிருந்தது. வால்வ் கவரைக் கழற்றி, வால்வ் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர்களைப் பார்க்க எங்கள் மெக்கானிக்கை அழைத்துவரட்டுமா என்று கேட்டேன். நான்காம் கியருக்குப் பதில் தவறி இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றிவிட்டால், இந்த எஞ்சினில் வால்வ் ஸ்பிரிங் ரிடெய்னரில் விரிசல் விழும். கார் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது, மாதங்கள் கழித்து வால்வ் உள்ளே விழும். 2004-இன் ரிடெய்னர்கள் இன்னும் உறுதியானவை. பழைய எஞ்சினில் அவற்றைப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. விற்பவர் சம்மதிக்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

சிவப்பு 2004-இன் சாஃப்ட் டாப்பில் ஓட்டுநர் பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் தகர டப்பாவில் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு கடகடப்பு. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்தான். இரண்டு மாடலுக்கும் உள்ள வழக்கமான கோளாறு, பயப்பட வேண்டியதில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர்கள் எல்லாம் இருந்தன. உறையில் ஆயில் மாற்றிய ரசீதுகள், தேதிவாரியாக. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டில் நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் வந்தன. வெடித்துச் சிதறும் ஆபத்துக்காகத் திரும்பப்பெறப்பட்ட தகாட்டா ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று மட்டும் சேசிஸ் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாடலும் அந்தத் திரும்பப்பெறுதலில் வருபவை, டீலரிடம் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். மாற்றியிருந்தது. வாங்கிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து டென்ஷனர் மாற்றிய வண்டியோடு வந்தான். நியூயார்க்கின் ஹாரிமன் பூங்காப் பக்கத்து ஏரிச் சாலைகளில் முன்னும் பின்னுமாக ஓட்டினோம். திரும்பும்போது அவனுக்கு என் சாவியைக் கொடுத்தேன். ஐ-87 நெடுஞ்சாலையில் ஏறுகிற சரிவில், காய்ந்த சாலை, நேரான பாதை, இரண்டாம் கியர். பட்டை 8,000-ஐத் தொட்டதும் அவன் கை தானாகக் கியர் ராடுக்குப் போனது.

"விடாதே மாப்ள," என்றேன். "இன்னும் ஆயிரம் இருக்கு."